கர்ப்பப்பையை அழுத்திப் பிடிக்கும் தையல்: கேள்விகளும் பதில்களும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுகளில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மகப்பேறு மருத்துவர் நான். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காமல் போய், கர்ப்பப்பையை அழுத்திப் பிடிக்கும் தையல் போடப்பட்ட பெண்களும் அவர்கள் வீட்டாரும் நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். நர்சிங் மாணவிகளும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தையலால் பின்னால் பெரிய தொந்தரவு வருவது குறைவு. ஆனால் வரும்போது, அதற்குக் காரணம் தையலாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, நாள் கடந்துவிடுகிறது. அப்படி ஒரு தையல் தனக்குப் போட்டதே பல பெண்களுக்குத் தெரியாது. என் கவலை முழுக்க அதில்தான்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்: டிஸ்சார்ஜ் பேப்பரில் 'பி-லிஞ்ச்' என்று எழுதியிருக்கிறது. சிசேரியன் தையல் தெரியும். இது என்ன தையல்?

குழந்தையும் நஞ்சும் (நஞ்சுக்கொடி) வெளியே வந்தவுடன் கர்ப்பப்பை இறுகிச் சுருங்க வேண்டும். நஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்து கிடக்கும். சுற்றியிருக்கும் தசை இறுகினால்தான் அவை நெரிந்து மூடும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வந்து போகிறது. தசை தளர்ந்து கிடந்தால் எவ்வளவு வேகமாக ரத்தம் போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் வயிற்றின் மேலிருந்து தேய்த்துவிட்டு, ஆக்ஸிடோசின், மெத்தர்ஜின், கார்போப்ரோஸ்ட் போன்ற மருந்துகளால் இறுக வைக்கப் பார்ப்போம். ரத்தம் உறைந்து நிற்க டிரானெக்சாமிக் ஆசிட் கொடுப்போம். உள்ளே பலூன் வைத்து அழுத்துவதும் உண்டு. எதற்கும் அடங்கவில்லை என்றால் வயிற்றைத் திறந்து, கர்ப்பப்பையை மடக்கிக் கைகளால் அழுத்திப் பார்ப்போம். அழுத்தும்போது கீழே ரத்தம் நின்றால், அந்த அழுத்தத்தையே நூலால் நிலைநிறுத்தலாம் என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பையின் இரண்டு வார்கள் தோளின் மேல் போவதைப் போல, நூல் கர்ப்பப்பையின் உச்சி வழியாக முன்னும் பின்னும் போய்க் கீழே முடிச்சு விழும். மில்டன் கீன்ஸ் நகரில் வேலை பார்த்த கிறிஸ்டோபர் பி-லிஞ்ச் என்ற மருத்துவர் 1997இல் 5 பெண்களுக்குப் போட்ட விவரத்தை எழுதி வெளியிட்டார். அதனால் அவர் பெயர். அதற்கு முன்பு இந்தக் கட்டத்துக்கு வந்த எத்தனையோ பெண்கள் கர்ப்பப்பையை இழந்தார்கள்.

நல்லம்பள்ளி: எனக்கும் தையல் போட்டதாக வீட்டுக்காரர் சொல்கிறார். ஆனால் பேப்பரில் 'ரத்தப்போக்குக்கு சிகிச்சை' என்று மட்டும்தான் இருக்கிறது. என்ன வகை என்று தெரிந்துகொள்வது அவசியமா?

அவசியம். பிரசவம் பார்த்த இடத்தின் ரெக்கார்டு அறையில் உங்கள் கேஸ் ஷீட் இருக்கும். அதில் ஆபரேஷன் குறிப்பு என்று ஒரு பக்கம் உண்டு. அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். நோயாளியாக அது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

வகை ஏன் முக்கியம் என்றால், எல்லாத் தையலும் ஒன்றில்லை. பி-லிஞ்ச் தையலில் கர்ப்பப்பையைக் கீழ்ப்பகுதியில் திறந்து உள்ளே பார்த்துவிட்டுப் போடுவார்கள். 2002இல் வந்த ஹேமன் தையலில் திறக்கத் தேவையில்லை. சுகப்பிரசவம் ஆன பெண்ணுக்கு அது வசதி. 2000இல் கொரியாவிலிருந்து சோ என்பவர் சொன்னது சதுரத் தையல். அதில் முன்சுவரையும் பின்சுவரையும் அங்கங்கே ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பார்கள். ரத்தம் கசியும் இடத்தை நேராகப் பிடிப்பதால் நஞ்சு கீழே இருந்தவர்களுக்கு நன்றாக உதவும். ஆனால் இரண்டு சுவர்களும் ஒட்டியிருப்பதால் உள்ளே அழுக்கு ரத்தம் தேங்கவும், சீழ் பிடிக்கவும், பின்னால் சுவர்கள் ஒட்டிக்கொள்ளவும் இதில் வாய்ப்பு கூடுதல். உங்களுக்கு எது என்று தெரிந்தால், பின்னால் எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் டாக்டருக்குத் தெரியும். கூடவே ரத்தக் குழாயையும் கட்டினார்களா என்று பாருங்கள். அதுவும் முக்கியம், கீழே சொல்கிறேன்.

அரூரிலிருந்து ஒரு கணவர்: தையல் போட்ட பிறகும் ரத்தம் நிற்கவில்லை என்று இரண்டு மணி நேரத்தில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். தையலை ஒழுங்காகப் போட்டிருந்தால் தப்பித்திருக்குமா?

தம்பி, உங்கள் மனைவி உயிரோடு வீட்டில் இருக்கிறார். அந்த முடிவை எடுக்க அன்று ஒரு டாக்டர் தாமதிக்கவில்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

இந்தத் தையல் எல்லோருக்கும் பலன் தருவதில்லை. இங்கிலாந்து முழுவதும் தகவல் திரட்டி 2011இல் வெளியான ஆய்வில், அழுத்தத் தையல் போட்ட 211 பெண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது போதாமல் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. பெரிய மருத்துவமனைகள், தேர்ந்த கைகள் இருந்தும் நிலைமை அதுதான். தசை தளர்ச்சியோடு ரத்தம் உறையும் தன்மையும் கெட்டுவிட்டால், எந்த நூலாலும் நிறுத்த முடியாது. நஞ்சு தசைக்குள் வேர்விட்டிருந்தாலும் அப்படித்தான்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பிரசவமாகி 2 மணி முதல் 6 மணி நேரம் கழித்துத் தையல் போட்டவர்களுக்குக் கர்ப்பப்பையை இழக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்தது. தையல் போடும் முடிவை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதும் பலனைத் தீர்மானிக்கிறது. உங்கள் மனைவியின் விஷயத்தில் எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமல் யாரையும் குறை சொல்ல மாட்டேன். சந்தேகம் இருந்தால் கேஸ் ஷீட்டின் நகலோடு போய் அதே டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலானவர்கள் சொல்வார்கள்.

காவேரிப்பட்டணம்: தையல் போட்டு மூன்று வாரம் ஆகிறது. நாலு நாளாகக் காய்ச்சல், கீழே கெட்ட வாடையோடு படுகிறது. அம்மா பால் காய்ச்சல் என்கிறார். மாத்திரை போட்டால் இறங்குகிறது, மறுபடி வருகிறது.

இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். இன்றைக்கே. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக் காத்திருக்காதீர்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்.

மற்றவர்களுக்காகவும் விரிவாகச் சொல்கிறேன். பால் கட்டி வரும் காய்ச்சல் முதல் சில நாட்களில் வரும், மார்பு கனத்து வலிக்கும், பால் எடுத்தால் அடங்கும். மூன்றாவது வாரத்தில் வந்து, மாத்திரைக்கு இறங்கி மறுபடி ஏறுகிற காய்ச்சலைப் பால் காய்ச்சல் என்று விடக் கூடாது. தையல் போட்டவருக்கு மூன்று விஷயங்களைத் தேட வேண்டும். முதலாவது, கர்ப்பப்பை உள்ளுறையில் சாதாரணத் தொற்று. இதுதான் அதிகம் பார்ப்பது. ஊசி மருந்துக்குக் கேட்கும். இரண்டாவது, தீட்டு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கிச் சீழாவது. ஸ்கேனில் தெரியும். வழி ஏற்படுத்தி வெளியே எடுத்தால் காய்ச்சல் மளமளவென்று இறங்கிவிடும்.

மூன்றாவது அபூர்வம், ஆனால் கடுமையானது. நூல் மிக இறுக்கமாக விழுந்தோ, தையலோடு ரத்தக் குழாய்களையும் கட்டியதாலோ, கர்ப்பப்பைச் சுவரின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் அந்தத் தசை செத்துப்போவது. அடிவயிற்று வலி, விடாத காய்ச்சல், துர்நாற்றம், சில சமயம் சதைத் துணுக்குபோல் விழுவது, வாரங்கள் கழித்துத் திடீரென்று மறுபடி ரத்தப்போக்கு என்று இது காட்டிக்கொள்ளும். சாதாரண ஸ்கேனில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ அல்லது சிடி எடுத்தால் ரத்த ஓட்டம் இல்லாத பகுதி தெரியும். சிலருக்கு மருந்தோடு சரியாகும், சிலருக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கும்.

டாக்டரைப் பார்த்ததும் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "எனக்குக் கர்ப்பப்பையில் அழுத்தத் தையல் போட்டிருக்கிறது." பிறகுதான் காய்ச்சல் எத்தனை நாள் என்பதெல்லாம். இந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் டைபாய்டு டெஸ்டும் டெங்கு டெஸ்டும் எடுத்தே ஒரு வாரம் போய்விடும்.

காரிமங்கலம்: அந்த நூல் உள்ளேயே இருக்குமா? குடலில் குத்திவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

கரையும் நூலைத்தான் போடுவது முறை. விக்ரில் என்றால் ஏறக்குறைய இரண்டு மாதத்திலும், மோனோகிரில் என்றால் மூன்று நாலு மாதத்திலும் முழுக்கக் கரைந்துவிடும். பிடிக்கும் பலத்தை அதற்கு வெகு முன்னாலேயே இழந்துவிடும். நமக்கு அந்தப் பிடி தேவைப்படுவதும் முதல் ஓரிரு நாட்களுக்குத்தான்.

குடல் பற்றிய பயம் முழுக்கக் கற்பனை இல்லை. பிரசவம் முடிந்ததும் தொப்புள் வரை இருக்கும் கர்ப்பப்பை, இரண்டு வாரத்துக்குள் இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடும். அது சுருங்கச் சுருங்க, உச்சியைச் சுற்றிய நூல் தளர்ந்து ஒரு வளையம்போல் நிற்கலாம், அதற்குள் குடல் மாட்டலாம் என்பதுதான் விஷயம். கரையும் நூல் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சில டாக்டர்கள் செங்குத்து நூல்கள் விலகிப் போகாமல் குறுக்கே ஒன்றோடொன்று கட்டியும் விடுவார்கள். மிக மிக அபூர்வமான சிக்கல் இது. வயிறு ஊதி, வாந்தி நிற்காமல், காற்றுக்கூடப் பிரியாமல் இருந்தால் உடனே போங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

பென்னாகரம்: குழந்தைக்கு ஒன்பது மாதம். எனக்கு இன்னும் மாதவிலக்கு வரவில்லை. தையல் போட்டதால்தானா? தாய்ப்பால் எனக்குச் சுரக்கவே இல்லை, முதலிலிருந்தே பால் பவுடர்தான். எப்போதும் அசதி, குளிர் தாங்கவில்லை.

உங்கள் கடைசி இரண்டு வரிகளைப் பலமுறை படித்தேன் கண்ணு. நீங்கள் அவற்றை எழுதியது மிக நல்லது.

மாதவிலக்கு வராமல் இருக்க இங்கே மூன்று வழி உண்டு. தாய்ப்பால் முழுமையாகக் கொடுக்கும் பெண்ணுக்குப் பல மாதங்கள் வராமல் இருப்பது இயல்பு. உங்களுக்கு அது பொருந்தாது.

இரண்டாவது, தையலால் வரக்கூடியது. கர்ப்பப்பையின் உட்சுவர்கள் ஒட்டிக்கொள்வது. பிரான்ஸில் 2011இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், தையல் போட்ட பிறகு உள்ளே குழாய் விட்டுப் பார்த்த 15 பேரில் 4 பேருக்கு இப்படி ஒட்டுதல் இருந்தது. எண்ணிக்கை சிறியது, அதனால் நாலில் ஒருவருக்கு வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தேடாமல் விடக் கூடாது என்பதற்கு இது போதும். மாதவிலக்கு அடியோடு நின்றுபோவது, அல்லது இரண்டு சொட்டு பட்டுவிட்டு நின்றுவிடுவது, அல்லது ரத்தம் வராமல் மாதாமாதம் அதே தேதியில் அடிவயிறு சுருட்டி வலிப்பது, இதெல்லாம் அதன் அடையாளம். கடைசியாகச் சொன்னதில் ரத்தம் உள்ளேயே தேங்குகிறது. ஹிஸ்டரோஸ்கோபி, அதாவது கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்து அதே சமயத்தில் ஒட்டுதலைப் பிரித்துவிடலாம்.

மூன்றாவதுதான் உங்களுக்கு இருக்குமோ என்று நான் நினைப்பது. அது தையலால் வருவதில்லை, அன்றைக்கு இழந்த ரத்தத்தால் வருவது. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. கர்ப்ப காலத்தில் அது பெரிதாகிவிடும். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய் பிரஷர் விழுந்தால், அந்தச் சுரப்பிக்கு ரத்தம் கிடைக்காமல் பாதிக்கப்படும். ஷீஹான் என்ற மருத்துவர் பெயரால் இதைச் சொல்வார்கள். முதல் அடையாளமே பால் சுரக்காமல் போவதுதான். நம் ஊரில் "அவளுக்குப் பால் இல்லை" என்று அதையும் அந்தப் பெண்ணின் குறையாகப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள், அது எனக்குத் தாங்க முடியாத விஷயம். அப்புறம் அசதி, குளிர் தாங்காமை, முடி உதிர்வு, பிரஷர் குறைவு, மாதவிலக்கு நின்றுபோதல்.

ஒரு எச்சரிக்கை. வழக்கமாக லேபில் தைராய்டுக்கு டிஎஸ்எச் மட்டும் பார்ப்பார்கள். பிட்யூட்டரி கோளாறில் அது நார்மலாகவே காட்டலாம், "தைராய்டு சரியாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எஃப்டி4, காலை நேரக் கார்டிசால், புரோலாக்டின், எஃப்எஸ்எச், எல்எச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டிசால் குறைவாக இருந்தால் முதலில் அதற்கு மருந்து தொடங்கிவிட்டுத்தான் தைராய்டு மாத்திரை தர வேண்டும். மாற்றிச் செய்தால் ஆபத்து. தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு, பொது மருத்துவம் இரண்டு பிரிவிலும் காட்டுங்கள். இது மருந்தால் கட்டுப்படும் நோய். இதற்கு நடுவில் பெரிய காய்ச்சலோ வாந்தியோ வந்து மயக்கம் வந்தால் அவசரமாகக் கூட்டிப்போக வேண்டும் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

ஓசூர்: முதல் குழந்தைக்கு இரண்டு வயது. பெங்களூரில் பிரசவம், தையல் போட்டார்கள். இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

பெற்றுக்கொள்ளலாம். கர்ப்பப்பையைக் காப்பாற்றத்தானே அந்தத் தையலே. மறுபடி குழந்தை வேண்டும் என்று முயன்றவர்களில் பெரும்பாலோருக்குக் கரு தங்கிப் பிரசவமும் ஆகியிருக்கிறது என்றே இதுவரை வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவை சிறிய ஆய்வுகள் என்பதால் ஒரு டாக்டர் துணிந்தும் இன்னொருவர் தயங்கியும் பேசுகிறார்கள். இரண்டு பேரும் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள்.

முன்னேற்பாடு மட்டும் முழுதாக இருக்க வேண்டும். இடைவெளி இரண்டு ஆண்டுக்குக் குறையக் கூடாது, உங்களுக்கு அது ஆகிவிட்டது. மாதவிலக்கு முன்போல் வருகிறதா? வருகிறது, ஸ்கேனிலும் கர்ப்பப்பை உள்ளுறை சீராக இருக்கிறது என்றால், பி-லிஞ்ச் அல்லது ஹேமன் போட்ட எல்லோருக்கும் ஹிஸ்டரோஸ்கோபி கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். சதுரத் தையல் போட்டவர்கள், பிரசவத்துக்குப் பின் சீழ் பிடித்தவர்கள், மாதவிலக்கு குறைந்தவர்கள், ஓராண்டு முயன்றும் கரு தங்காதவர்கள் பார்த்துவிடுவது நல்லது. ஹீமோகுளோபின் 11க்கு மேல் ஏறிய பிறகு கர்ப்பம் ஆனால் எல்லோருக்கும் நிம்மதி.

கரு தங்கிய பிறகு நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது என்று கவனித்துப் பார்க்க வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனில் அது கீழே, பழைய சிசேரியன் தழும்பின் மேல் இருந்தால், ஏழு எட்டு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். தசைக்குள் வேர்விட்டிருக்கிறதா என்று தேடுவார்கள். தையல் போட்ட இடத்தில் சுவர் மெலிந்து, அடுத்த கர்ப்பத்தில் கர்ப்பப்பை கிழிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனாலும் கர்ப்பத்தின் ஆறாம் மாதத்துக்குப் பிறகு கடுமையான வயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம், குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் ஒரு மணி நேரம்கூட வீட்டில் காத்திருக்கக் கூடாது.

பிரசவம் பெரும்பாலும் நாள் குறித்து சிசேரியன்தான். வலி வரும் வரை விடமாட்டார்கள். ரத்த வங்கி உள்ள இடத்தில், உங்கள் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து ரத்தம் எடுத்து வைத்துவிட்டுச் செய்வார்கள். ஒருமுறை ரத்தப்போக்கு வந்தவருக்கு மறுமுறையும் வர வாய்ப்பு கூடுதல். முன்பே தெரிந்து தயாராக இருக்கும் டீமுக்கும், நடுராத்திரியில் திடீரென்று பார்க்கும் டீமுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பெங்களூர் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் குறிப்பையும் முதல் செக்கப்பிலேயே காட்டுங்கள்.

அஞ்செட்டி: எங்கள் ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவே நேரமாகும். அடுத்த பிரசவத்துக்கு என்ன செய்வது?

முப்பத்தாறாவது வாரத்தில் மலையை விட்டு இறங்கிவிடுங்கள். நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்க அறை உண்டு. உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் ஏழாம் மாதமே சொல்லி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்துப் பெண்களுக்கும் இதே பதில்தான். வீட்டில் ஆடு மாடு இருக்கிறது, யார் பார்ப்பது என்று சொல்வீர்கள். எனக்கும் தெரியும். அந்தச் சில வாரத்துக்கு மாமியாரோ நாத்தனாரோ பார்த்துக்கொள்ளட்டும் என்று வீட்டு ஆண்களிடம் நேரில் பேசச் சொல்லி செவிலியரையே கேளுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு மாமியார்: மருமகளுக்கு வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டலாமா? தண்ணீர் அதிகம் கொடுத்தால் தையல் ஊறும் என்கிறார்களே?

அம்மா, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. துணி கட்டுவதால் கர்ப்பப்பை சீக்கிரம் சுருங்காது. இடுப்புக்கு இதமாக இருக்கிறது என்று மருமகள் சொன்னால் தளர்வாகக் கட்டலாம். வயிற்றில் ஆபரேஷன் தழும்பு இருப்பதால் இறுக்கக் கூடாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம்.

தண்ணீரால் எந்தத் தையலும் ஊறாது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைத்தால் பால் கொடுப்பவளுக்குத் தலை சுற்றும், சிறுநீர்க் கடுப்பு வரும். நிறைய ரத்தம் இழந்தவள் அவள். முருங்கைக்கீரை, முட்டை, ஈரல், ராகிக் களி, பருப்பு எல்லாம் கொடுங்கள். பத்தியம் என்று ரசம் சோறு மட்டும் வைக்காதீர்கள். சாப்பாட்டால் மட்டும் அந்த ரத்தம் ஊறாது, சத்து மாத்திரையும் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு கொடுக்க வேண்டாம். கால்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் கொடுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்து மருந்து அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும்.

கிருஷ்ணகிரியில் நர்சிங் மாணவி: தையல் போட்டு வார்டுக்கு வந்த தாயிடம் முதல் நாள் எதைப் பார்க்க வேண்டும்?

நாடித் துடிப்பை. பிரஷர் கடைசியில்தான் விழும், நாடி முதலிலேயே சொல்லிவிடும். நாடி எண்ணை மேல் பிரஷரால் வகுத்துப் பாருங்கள். 0.9க்கு மேல் போனால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். கீழே ரத்தம் படவில்லை என்று ஏமாந்துவிடாதீர்கள். தையல் போட்ட கர்ப்பப்பைக்குள் ரத்தம் தேங்கலாம், வயிற்றுக்குள்ளும் கசியலாம். தொப்புளுக்குக் கீழே கர்ப்பப்பை எந்த உயரத்தில் இருக்கிறது என்று தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்து, அது மேலே ஏறுகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். ரத்தம் பட்ட நாப்கினை எடைபோடுங்கள். ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லி ரத்தம் என்று கணக்கு. கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு எப்போதும் குறைவாகவே இருக்கும். சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் சொல்லுங்கள்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கிராம சுகாதார செவிலியர்: என் பகுதியில் இப்படி இரண்டு தாய்மார் இருக்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் தையலின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். ஆறு வாரத்துக்குப் பிறகும் அவர்களை விட்டுவிடாதீர்கள். நாம் வழக்கமாக அத்தோடு நிறுத்திவிடுகிறோம், ஆனால் ஒட்டுதலும் பிட்யூட்டரிக் கோளாறும் அதற்குப் பிறகுதான் வெளியே தெரியும். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும்போது தாயிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பால் இருக்கிறதா, மாதவிலக்கு எப்படி, ரொம்ப அசதியா. வேறு எந்தக் கருவியும் இதற்குத் தேவையில்லை.

ராயக்கோட்டை: காப்பர்-டி போட்டுக்கொள்ளலாமா?

உடனே வேண்டாம். நூல் கரைந்து, மாதவிலக்கு வந்து, ஸ்கேனில் உள்ளே சீராக இருக்கிறது என்று தெரிந்த பிறகு போடலாம். அதுவரை ஆணுறை, அல்லது பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மாத்திரை, ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

மத்தூரிலிருந்து ஒரு கணவர்: மனைவி ஐசியூவில் மூன்று நாள் இருந்தார். இப்போது உடம்பு சரி. ஆனால் இரவில் திடுக்கிட்டு எழுந்து அழுகிறார். குழந்தையைத் தூக்கப் பயப்படுகிறார்.

உடம்பு சரி என்று சொல்லி இதைச் சின்ன விஷயமாக விடாமல் எழுதியதற்கு நன்றி தம்பி. சாவின் பக்கத்தில் போய் வந்த பெண்ணுக்கு இப்படி வருவது இயல்பு. பேய் பிடித்தது, காற்று கருப்பு என்று தாயத்து கட்டி உட்கார வைத்துவிடாதீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாத பகுதிகள் இருக்கும். நீங்கள் வெளியே நின்று பார்த்தவர். அவர் கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். முடிந்தால் டாக்டரிடமே அழைத்துப் போய்க் கேட்க வையுங்கள், அது நிறையப் பேருக்கு உதவியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 டெலி-மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சாக வேண்டும், குழந்தை வேண்டாம் என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள், அன்றே கூட்டிப்போங்கள்.

பர்கூர்: அக்காவுக்கு இப்படி ஆகித் தையல் போட்டார்கள். நான் இப்போது ஐந்து மாதம். எனக்கும் வருமா?

கர்ப்பப்பை தளர்வது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. இரட்டைக் குழந்தை, பெரிய குழந்தை, பனிக்குட நீர் அதிகம், நீண்ட நேர வலி, நஞ்சு கீழே இருப்பது, இவைதான் வாய்ப்பைக் கூட்டும். ரத்த சோகை இருந்தால் கொஞ்சம் ரத்தம் போனாலே உடம்பு தாங்காது. அதைச் சரிசெய்ய உங்களுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அக்காவுக்கோ உங்களுக்கோ அம்மாவுக்கோ வயதுக்கு வந்த நாளிலிருந்தே மாதவிலக்கு மிக அதிகமா, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காதா? ஆமாம் என்றால் ரத்தம் உறைவதில் குடும்பக் குறை இருக்கலாம், அதற்குத் தனி டெஸ்ட் உண்டு. இல்லை என்றால் பயம் வேண்டாம். அக்காவின் டிஸ்சார்ஜ் பேப்பரை நகல் எடுத்து அடுத்த செக்கப்புக்குக் கொண்டுபோங்கள். பிரசவத்துக்குச் சீமாங் வசதியுள்ள மருத்துவமனையையே தேர்ந்தெடுங்கள், அங்கே இருபத்து நாலு மணி நேரமும் ஆபரேஷனுக்கும் ரத்தத்துக்கும் வழி இருக்கும்.